கடலில் ஸ்கூபா முடித்துவிட்டு நேரா ஏலகிரி ஏறலாமா? வேலூர், ஆம்பூர்க்காரர்கள் டிக்கெட் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு. இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் கடல் கண்ணுக்கு எட்டாது. ஆனால் போனஸ் வந்த கையோடு, கம்பெனி லீவு விட்ட வாரத்தில், இங்கிருந்து கிளம்பும் நண்பர்கள் கூட்டத்தின் பட்டியலில் இப்போது கொடைக்கானலோடு அந்தமானும் இருக்கிறது. போனால் கட்டாயம் செய்ய வேண்டிய ஐட்டம் என்று எல்லோரும் சொல்வது ஸ்கூபா டைவிங்.

2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவில் ஸ்நார்கெலிங் செய்த படங்கள் வந்தபிறகு இந்த ஆசை இன்னும் கூடியது. அடுத்த மாதமே குஜராத்தின் துவாரகையில் அவர் கடலுக்கடியில் போய் பூஜை செய்த வீடியோவும் வந்தது. "அவரே போயிட்டார், நாமும் போகலாம்" என்பதுதான் பலரின் கணக்கு.

போகலாம், தப்பே இல்லை. முறையாகச் செய்தால் ஸ்கூபா பயப்படக்கூடிய விளையாட்டு அல்ல. ஆனால் கடலுக்குள் இருக்கும் அரை மணி நேரத்தை மட்டுமே எல்லோரும் யோசிக்கிறார்கள். வெளியே வந்தபிறகு வரும் அடுத்த ஒரு நாள் யார் நினைவிலும் இருப்பதில்லை. ஏலகிரி அடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் முக்கியம். காரணம் கீழே.

முதுகில் இருப்பது ஆக்ஸிஜன் சிலிண்டரா?

இல்லை. இது பெரும்பாலானோர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம். அதில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் இதே சாதாரணக் காற்று. சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன். வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்திருப்பார்கள்.

எவ்வளவு அழுத்தம்? உங்கள் பைக் டயரில் 30 பி.எஸ்.ஐ. அளவில் காற்று அடிப்பீர்கள். வழக்கமான அலுமினியம் டைவிங் சிலிண்டரில் 3,000 பி.எஸ்.ஐ. அதாவது டயரைப்போல 100 மடங்கு. அந்தக் காற்றை அப்படியே வாயில் விட்டால் நுரையீரல் தாங்காது. நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் என்ற கருவிதான் நீங்கள் இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றைத் தருகிறது. 1943-ல் பிரான்ஸ் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யான் என்ற இன்ஜினியரும் சேர்ந்து உருவாக்கிய கருவியின் வாரிசுதான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது.

ஸ்நார்கெலிங் வேறு. அது மேல்மட்டத்திலேயே மிதந்தபடி, ஒரு குழாய் வழியாக வெளிக்காற்றைச் சுவாசிப்பது. தலையில் கண்ணாடிக் கூண்டு மாட்டிக் கடல்தரையில் நடக்க விடுவார்களே, அது சீ வாக். பெயர் வேறானாலும் சீ வாக்கிலும் ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள். கீழே சொல்லும் காது, மூச்சு விதிகள் அதற்கும் பொருந்தும்.

காது ஏன் வலிக்கிறது?

நம் பக்கத்து விவசாயக் கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். 33 அடி தண்ணீர் நிற்கும் கிணற்றின் அடியில் இருக்கும் அழுத்தம், மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. கடலிலும் இதே கதைதான்: ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அதாவது 33 அடிக்கும், ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும்.

இதை முதலில் உணர்வது காது. இரண்டு மூன்று மீட்டர் இறங்கும்போதே செவிப்பறையை யாரோ உள்ளே அழுத்துவது போல இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக ஊதினால் 'பொட்' என்று திறந்துவிடும். ஒவ்வொரு சில அடிக்கும் இதைச் செய்ய வேண்டும். வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். வந்தபிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கக் கூடாது. வலித்தால் கை சைகை காட்டி, கொஞ்சம் மேலே ஏறி, திரும்ப முயற்சி செய்யலாம்.

சளி, ஜலதோஷம், சைனஸ் இருக்கும் நாளில் இது நடக்காது. "இவ்வளவு பணம் கட்டிட்டோம், மாத்திரை போட்டுட்டு இறங்கிடலாம்" என்று நினைப்பவர்கள்தான் செவிப்பறை கிழிந்து ஊர் திரும்புகிறார்கள். மாத்திரையின் வேகம் பாதியில் குறைந்தால் மேலே ஏறும்போதும் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும்.

மூச்சை மட்டும் அடக்காதீர்கள்

ஸ்கூபாவில் ஒரே ஒரு விதியை மட்டும்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால், அது இதுதான். கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். தண்ணீருக்குள் போனால் மூச்சைப் பிடிப்பது நம் உடம்பில் ஊறிய பழக்கம்.

கிணற்றில் மூச்சடக்கி மூழ்கும்போது நுரையீரலில் இருப்பது மேலே இழுத்த காற்று. ஆழம் போகப்போக அது சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் அப்படி இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் நீங்கள் இழுக்கும் ஒரு மூச்சில், மேலே இழுப்பதைப்போல இரண்டு மடங்கு காற்று இருக்கிறது. அதை அடக்கிக்கொண்டு பயத்தில் மேலே பாய்ந்தால், வழியில் அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் பலூன் அல்ல. கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதற்கு ரொம்ப ஆழம்கூட வேண்டாம். ஒன்றேகால் மீட்டர் அளவு ஆழத்திலேயே இது நடக்க முடியும். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கும்போதே இந்த விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

இழுங்கள், விடுங்கள், நிதானமாக. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தாலும் சரி, மீன் பக்கத்தில் வந்தாலும் சரி, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது ஏலகிரி கதைக்கு வருவோம்

ஒரு பன்னீர் சோடா பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை உள்ளே குமிழியே தெரியாது. திறந்த வினாடியில் பொங்கும். கேஸ் எங்கிருந்தும் புதிதாக வரவில்லை. அழுத்தத்தில் கரைந்திருந்தது, அழுத்தம் குறைந்ததும் வெளியே வருகிறது.

ஆழத்தில் இருக்கும்போது நம் ரத்தமும் தசையும் அந்த மூடிய பாட்டில்தான். சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன், அழுத்தம் காரணமாகக் கூடுதலாகக் கரைந்து தங்குகிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அளவு கூடும். மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாகவே சத்தமில்லாமல் வெளியேறும். வேகமாக வந்தால் மூட்டிலும் நரம்பிலும் ரத்தத்திலும் குமிழியாகும். இதுதான் டிகம்ப்ரஷன் நோய். டைவர்கள் மத்தியில் 'பெண்ட்ஸ்'.

முக்கியமான விஷயம்: கரையேறிய உடனே நைட்ரஜன் முழுக்கப் போய்விடுவதில்லை. மணிக்கணக்கில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உடம்பைச் சுற்றியுள்ள அழுத்தத்தை இன்னும் குறைத்தால், பாட்டில் மூடியை இன்னொரு திருகு திறந்த மாதிரி. விமானத்தில் நடப்பது அதுதான். பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக இறங்கலாம். தரைமட்டத்தைவிடச் சுமார் கால்பங்கு குறைவு.

அதனால்தான் டைவர்களுக்கான சர்வதேச அமைப்பான 'டான்' ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் விமானம் ஏற குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். பல ஆபரேட்டர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று 24 மணி நேரம் சொல்வார்கள். அதைக் கேட்பது நல்லது.

விமானத்துக்கு இந்த விதி என்பது பலருக்குத் தெரியும். மலைக்கும் இதே கவனம் வேண்டும் என்பதுதான் தெரியாது. 2,000 அடி, அதாவது 600 மீட்டர் உயரத்தைத் தாண்டினாலே 'டான்' கணக்கு தொடங்குகிறது. உடம்புக்கு விமானமா, காரா என்ற வித்தியாசம் தெரியாது. அழுத்தம் மட்டும்தான் தெரியும்.

இனி நம்ம ஊர் மேப்பை எடுங்கள். வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரம், ஆம்பூர் 300 மீட்டரை ஒட்டி. புதுச்சேரியில் காலையில் டைவ் செய்துவிட்டு திண்டிவனம், வந்தவாசி, ஆற்காடு வழியாகச் சாயங்காலம் காரில் வீடு வந்து சேர்ந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆனால் பசங்க வண்டியில் யாராவது ஒருத்தர், "பொன்னேரி வரைக்கும் வந்துட்டோம், அப்படியே மேல போய் ரூம் போட்டுடலாம்" என்று சொல்வார். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரி போனால் நீங்கள் 1,000 மீட்டருக்கு மேலே. காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 12 சதவீதம் குறைவு. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர். அதுவும் எல்லைக்கு மேலே. வேலைக்காக ஓசூர், பெங்களூரு திரும்புகிறவர்கள் இதைவிடக் கவனிக்க வேண்டும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டாவது டைவ், ராத்திரி கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேடு ஏறுவது என்பது பார்க்க சாதாரண ரோடு பயணம் மாதிரிதான் இருக்கும்.

எல்லோருக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று அர்த்தம் இல்லை. ஆழம் குறைந்த ஒரே ஒரு அறிமுக டைவில் ஆபத்து குறைவுதான். ஆனால் பிளானை ஒரு நாள் மாற்றிப் போட்டால் போகிற விஷயம்: மலை முதலில், கடல் பிறகு. அந்தமான் என்றால் டைவிங்கை முதல் இரண்டு நாளில் முடித்து, செல்லுலார் சிறை, கடற்கரை எல்லாம் கடைசி நாளுக்கு வையுங்கள். பேக்கேஜ் விற்பவர்கள் சில சமயம் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போடாதீர்கள்

படகில் ஏறும் முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, நுரையீரல் அல்லது காது ஆபரேஷன், கர்ப்பம், தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகள் என்று கேள்விகள் இருக்கும். நம்ம ஆட்கள் படிக்காமலேயே வரிசையாக 'இல்லை' போட்டுக் கையெழுத்திடுகிறார்கள். 'ஆமாம்' என்று ஒன்றுக்குப் போட்டாலும் டாக்டர் சான்று இல்லாமல் இறக்க மாட்டார்கள் என்ற பயம்.

தோல் தொழிலில் இருப்பவர்கள் இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பஃபிங் பிரிவில் தூசியோடும், ஷூ ஒட்டும் பிரிவில் பசை, சால்வென்ட் வாடையோடும் வருஷக்கணக்கில் வேலை பார்த்து, காலையில் இருமல், படி ஏறினால் வீசிங் என்று இருப்பவர்கள் அதை "வேலைன்னா அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வீசிங் என்றால் நுரையீரலின் சின்னக் குழாய்கள் சுருங்கிக் காற்று உள்ளே சிக்குகிறது என்று பொருள். தரையில் அது தொந்தரவு. 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போது சிக்கிய அந்தக் காற்று விரியும். நுரையீரல் பற்றிச் சொன்னதை ஒருமுறை திரும்பப் படியுங்கள். கிளம்பும் முன் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டி, மூச்சு ஊதும் பரிசோதனை செய்துகொண்டால் செலவு பெரிதாக ஆகாது.

முந்தின ராத்திரி சரக்கு வேண்டாம். காலையில் பிரியாணியும் வேண்டாம், அது ஆம்பூரிலிருந்தே கட்டிக்கொண்டு போனதாக இருந்தாலும். அலையில் படகு ஆடும்போது வாந்தி வரும். லேசாகச் சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடியுங்கள். உடம்பில் நீர் குறைந்தால் குமிழிப் பிரச்சினைக்கு அது இன்னும் வசதி.

நீச்சல் தெரியாமல் இறங்கலாமா?

அறிமுக டைவுக்கு நீச்சல் தேவையில்லை என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். பயிற்சியாளர் உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார். 'பாடி' என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பின் விதிப்படி இந்த அறிமுக டைவுக்கு குறைந்தபட்ச வயது 10, அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். சான்றிதழ் தரும் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் சில நாள் நடக்கும். அதில் நீச்சல் சோதனை உண்டு, முடித்தவர்கள் 18 மீட்டர் வரை போகலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் ரொம்பக் குறைவு. தண்ணீருக்குள் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? அவருடைய சான்றிதழைக் காட்ட முடியுமா? படகில் அவசர ஆக்ஸிஜன் கிட் இருக்கிறதா? ஆழமில்லாத இடத்தில் முதலில் பயிற்சி தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்லை சார், நேரா போயிடலாம்" என்று பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள். போட்டோ, வீடியோ இலவசமா என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

நமக்குப் பக்கத்தில் பவளப்பாறை எங்கே?

இந்தியாவில் பெரிய பவளப்பாறைப் பகுதிகள் நான்கு: கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா மற்றும் பாக் நீரிணைப் பகுதி, லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார். ஆக ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றி. 1986-ல் அது கடல்சார் தேசியப் பூங்காவானது. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளுக்குப் போக முடியாது. அதனால்தான் ஸ்கூபா கூட்டம் அந்தமானுக்குப் போகிறது. புதுச்சேரியிலும் டைவிங் இருக்கிறது. ஆனால் அந்தமான் படங்களில் வருவது போன்ற பரந்த பவளத் தோட்டத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

மன்னார் வளைகுடாவுக்கு ஒரு சோகக் கதை உண்டு. பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிர். பாலிப் என்ற குட்டி விலங்குகள் கூட்டமாகச் சேர்ந்து கட்டும் கால்சியம் கார்பனேட் வீடு. அதாவது சுண்ணாம்புக் கல்லும் அதுவும் ஒரே பொருள். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்பு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்குச் சுண்ணாம்பின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்து, சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தினார்கள். அலையைத் தடுக்கும் சுவர் போனதும் தீவுகள் அரிக்கத் தொடங்கின. தூத்துக்குடி பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன.

இப்போது வெட்டுவது தடை. கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலி, யானையோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த துண்டுதானே என்று பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் விமான நிலைய ஸ்கேனிங்கில் மாட்டுவீர்கள்.

வெட்டுவது நின்றாலும் வெப்பம் நிற்கவில்லை. பவளத்தின் உள்ளே வாழும் நுண்பாசிதான் அதற்குச் சாப்பாடும் நிறமும் தருகிறது. கோடைக்கால உச்ச அளவைவிடக் கடல் வெறும் 1 டிகிரி கூடுதலாகச் சில வாரம் சுட்டாலே பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடா 2010-லும் 2016-லும் இதில் அடிவாங்கியது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்காவின் நோவா அமைப்பு அறிவித்தது. அந்த ஆண்டு லட்சத்தீவுப் பவளங்களும் தப்பவில்லை. வெளுத்த பவளம் உடனே செத்துவிடாது, சூடு தணிந்தால் பிழைக்கலாம். அந்தப் பலவீனமான நேரத்தில் செல்ஃபிக்காக அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், துடுப்புக் காலால் உதைப்பதும்தான் தாங்காது. பாறைபோல வளரும் சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். நீங்கள் ஒரு உதையில் உடைப்பது உங்கள் வயதுக்குச் சமமான வளர்ச்சியாக இருக்கலாம்.

ஊருக்கு வந்தபிறகு உடம்பு சரியில்லை என்றால்?

டிகம்ப்ரஷன் நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரியும். தோள், முழங்கை, முட்டியில் குடைச்சல். தோலில் அரிப்பு, திட்டுத்திட்டாக நிறமாற்றம். கை கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு. காரணமில்லாத பயங்கர அசதி. தலைசுற்றல், நடை தள்ளாடுவது, சிறுநீர் வராமல் போவது. இதில் பாதி, ராத்திரி முழுக்க ட்ரெயினில் வந்தவருக்குச் சாதாரணமாகவே இருக்கும். பிரச்சினையே அதுதான். பயண அசதி என்று ஒரு வலி மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவில் ஆழத்தில் சங்கு குளிக்கும் தொழிலாளர்களுக்கு இந்த மூட்டுவலியும் கால் மரப்பும் புதிதல்ல. நமக்குத்தான் இது கேள்விப்படாத நோய்.

ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமாக "நேற்று ஸ்கூபா டைவிங் செய்தேன்" என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழம், எத்தனை முறை, பிறகு விமானத்திலோ மலையிலோ ஏறினீர்களா என்பதையும் சொல்லுங்கள். கடலே இல்லாத ஊரில் ஒரு டியூட்டி டாக்டர் இதைத் தானாக ஊகிக்க முடியாது. படுக்க வைத்து, முழு ஆக்ஸிஜன் கொடுப்பதுதான் முதலுதவி. வலி குறைந்தாலும் ஆக்ஸிஜனை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. திரும்பத் தண்ணீருக்குள் இறக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கூடாது.

முழு சிகிச்சை ஹைப்பர்பாரிக் சேம்பர் என்ற அழுத்த அறையில் நடக்கும். ஆளை உள்ளே வைத்து அழுத்தத்தை ஏற்றி, குமிழிகளைத் திரும்பக் கரைத்து, பிறகு மணிக்கணக்கில் மெதுவாக இறக்குவார்கள். போர்ட் பிளேரில் கடற்படையின் ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரி, மும்பையில் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு. அந்தமானில் இருக்கும்போதே சந்தேகம் வந்தால் விமானத்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே காட்டிவிடுங்கள். வேலூர் பக்கம் வந்தபிறகு தெரிந்தால் 108-ஐ அழைத்து ஆக்ஸிஜனோடு பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து சேம்பர் உள்ள இடத்துக்கு மாற்றுவது டாக்டர்கள் எடுக்க வேண்டிய முடிவு. அப்படி மாற்றும்போது மலை வழி இல்லாத ரோடாகப் பார்த்துப் போகச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர், விமானம் என்றால் தாழ்வாகப் பறக்க வேண்டும் அல்லது கேபின் அழுத்தத்தைத் தரைமட்ட அளவில் வைக்க வேண்டும்.